காலை ஈரத்தில் மட்டும் வரும் மிஸ்ஸிங்
(மெக்கானிக்கிடம் கேளுங்கள்: வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: என்னிடம் 1991 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது. 1.6 லிட்டர் எஞ்சின். வார இறுதியில் மட்டும் எடுப்பேன். போன அக்டோபரிலிருந்து ஒரு தொல்லை. காலையில் கிளம்பி ஹாரோ ஆன் த ஹில் ஏற்றத்தில் நாலாவது கியரில் ஆக்சிலேட்டரை மிதித்தால், முதுகுக்குப் பின்னால் யாரோ சீட்டைத் தட்டுவது போல வண்டி உதறுகிறது. பத்து மைல் ஓடினால் தானாகச் சரியாகிவிடும். சில நாள் வருவதே இல்லை. கராஜில் காட்டும்போது மட்டும் சொல்லி வைத்தாற்போல ஒழுங்காக ஓடுகிறது. ஒரு இடத்தில் நான்கு ஸ்பார்க் பிளக்கையும் பெட்ரோல் ஃபில்டரையும் மாற்றினார்கள். பத்துப் பன்னிரண்டு நாள் நன்றாக இருந்தது, மறுபடி பழைய கதை. இன்னொரு இடத்தில் ஃப்யூயல் பம்பை மாற்றச் சொல்கிறார்கள். கம்ப்யூட்டரில் எந்த எரர் கோடும் (கோளாறு எண்) இல்லையாம். மார்ச்சில் எம்ஓடி டெஸ்ட் (பிரிட்டனில் வருடா வருடம் வண்டிக்கு நடக்கும் சோதனை) வருகிறது. பம்பை மாற்றிவிடலாமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், ஹாரோ, லண்டன்

பதில்: காரின் உண்மையான விலை வீட்டில் தெரியாதாம். அதனால்தான் பெயர் இல்லை. அந்த ரகசியத்துக்கு நானும் உடந்தை.

கடிதம் வந்தது ஜனவரியில். வழக்கமாக ஒரு கேள்விக்கு ஒரு பதில் என்று முடித்துவிடுவேன். இது முடியவில்லை. எங்களுக்குள் ஐந்தாறு மெயில் போய் வந்தது. எல்லாவற்றையும் சேர்த்து இங்கே தருகிறேன். ஸ்போர்ட்ஸ் கார் இல்லாதவர்களும் படிக்கலாம். பெட்ரோல் வண்டி எதுவானாலும் மிஸ்ஸிங் என்கிற இந்த வியாதி, அதாவது ஒரு சிலிண்டர் எரியாமல் தவறுவது, ஒன்றுதான்.

பம்ப் வேண்டாம் என்று முதல் மெயிலிலேயே சொல்லிவிட்டேன். பம்ப் போகிற வண்டி, சூடு ஏற ஏறத்தான் தகராறு செய்யும். காலையில் உதறிவிட்டுப் பத்து மைலில் குணமாகாது. ஆனால் அவர் கடிதத்தில் என் கண்ணில் பட்டது பம்ப் இல்லை. 'பத்துப் பன்னிரண்டு நாள் நன்றாக இருந்தது' என்று போகிற போக்கில் எழுதியிருந்தாரே, அந்த வரி. அதைச் சிவப்பு பேனாவில் கோடு போட்டு வைத்துக்கொண்டேன். பிளக் பழசானதுதான் காரணம் என்றால் புது பிளக்கில் முழுசாகச் சரியாகியிருக்கும். பிளக்குக்கும் இந்த வியாதிக்கும் சம்பந்தமே இல்லை என்றால் ஒரு நாள்கூட மாற்றம் தெரிந்திருக்காது. பத்து நாள் தாங்கியது என்றால், வேறு ஏதோ ஒன்று அந்தப் புது பிளக்கையும் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

வண்டியைக் கண்ணால் பார்க்காமல் சொல்வது நாடி பிடிக்காமல் மருந்து எழுதுகிற வேலை. அதனால் மூன்று கேள்வி கேட்டேன்.

ஒன்று, உதறும்போது ஆர்பிஎம் முள் என்ன செய்கிறது? இந்த வண்டியில் அந்த முள்ளுக்கான சிக்னல், பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியை உண்டாக்குகிற இக்னிஷன் பக்கத்திலிருந்துதான் வருகிறது. வண்டி உதறும்போது முள்ளும் துடித்து விழுந்தால், பொறிக்கு வோல்டேஜ் தருகிற காயிலுக்குப் போகிற கரன்ட்டிலோ, காயிலை இயக்குகிற இக்னைட்டரிலோ, பொறிக்கு நேரம் சொல்கிற கேம் ஆங்கிள் சென்சாரிலோ கோளாறு. நான்கு சிலிண்டரும் சேர்ந்து கண் மூடித் திறக்கின்றன. உடம்பு உதறியும் முள் அசையாமல் நின்றால், காயில் தன் வேலையைச் செய்கிறது. பொறி அதற்குப் பிறகு வழியில் எங்கோ தொலைகிறது.

இரண்டு, உதறும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலைப் பாதி தூக்கினால் உதறல் நிற்கிறதா?

மூன்று, இது குளிருக்கு வருகிறதா, ஈரத்துக்கு வருகிறதா? எல்லோரும் இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடுகிறார்கள். உறைபனி பிடித்த ஆனால் காய்ந்த காலையும் உண்டு, குளிர் இல்லாமல் தூறல் மட்டும் இருக்கிற காலையும் உண்டு. இரண்டையும் தனித்தனியாகக் குறித்து வைக்கச் சொன்னேன்.

மனிதர் இரண்டு வாரம் காலண்டரில் எழுதி அனுப்பினார். முள் அசைவதில்லை. காலைத் தூக்கினால் நிற்கிறது. கண்ணாடியில் பனி சுரண்டிய மூன்று காலையில் வண்டி வெண்ணெய் மாதிரி போயிருக்கிறது. மூடுபனிக்கும் தூறலுக்கும்தான் உதறல். பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. குளிரில் மட்டும் வந்திருந்தால் டெம்பரேச்சர் சென்சார், பெட்ரோல் கலவை என்று வேறு பாதையில் போயிருப்பேன்.

ஏற்றத்தில், மேல் கியரில், மிதிக்கும்போது மட்டும் ஏன்? ஐடிலிங்கில் சிலிண்டருக்குள் காற்று குறைவு. பிளக்கின் ஒரு மில்லிமீட்டர் சொச்சம் இடைவெளியைப் பொறி சுலபமாகத் தாண்டிவிடும். காலை அழுத்தினால் சிலிண்டர் நிறையக் காற்று ஏறி, அது நசுங்கி நிற்கும்போது பொறி தாண்ட வேண்டும். அதற்கு வோல்டேஜ் மிகக் கூடுதலாக வேண்டியிருக்கும். அப்போது கரன்ட், பிளக் முனையைத் தாண்டுவதைவிட லேசான வழி ஏதாவது இருக்கிறதா என்று தேடும். ரப்பர் வெடித்த பிளக் ஒயர், அதன் மேல் ஈரம், பக்கத்தில் எஞ்சினின் மேல் பாகமான அலுமினிய ஹெட். இதைவிட லேசான வழி வேறென்ன வேண்டும்? எஞ்சின் சூட்டில் ஈரம் காய்ந்ததும் அந்த வழி மூடிவிடும். கராஜுக்குப் போய்ச் சேரும்போது வண்டி யோக்கியமாகிவிடுவது இதனால்தான்.

இந்த எஞ்சினில், காயிலின் கரன்ட்டை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடுகிற டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. ஹெட்டுக்குப் பின்னால், டேஷ்போர்டு சுவரை ஒட்டி, இரண்டு காயில்கள். ஒன்று 1, 4 சிலிண்டருக்கு. மற்றது 2, 3க்கு. ஒரே காயில் தன் இரண்டு பிளக்கிலும் ஒரே நேரத்தில் பொறி விடும். ஒன்று வேலைக்கு, மற்றொன்று புகை வெளியேறும் நேரத்தில் வீணாக. காயிலே போனால் இரண்டு சிலிண்டர் சேர்ந்து படுக்கும், வண்டி ஏற்றத்தில் நின்றே போகும். இவர் சொன்னதோ ஒற்றைத் தட்டு. நான்கில் ஒன்று. ஆக, காயில் மேல் சந்தேகம் குறைந்து ஒயர் மேல் கூடியது. அந்த ஒயர்கள் எப்போது மாற்றியவை என்று கேட்டேன். முந்தைய ஓனர் கொடுத்த பில் கட்டு முழுக்கத் தேடியும் ஒயர் பில் ஒன்றுகூட இல்லை என்றார்.

கம்ப்யூட்டர் ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருந்தார். 1991 வண்டியின் கம்ப்யூட்டருக்கு மிஸ்ஃபயரை எண்ணத் தெரியாது. கிராங்க் சுற்றும் வேகம் நொடியில் தடுமாறுவதை வைத்து எந்த சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று கண்டுபிடிக்கும் வித்தை, அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்தும் ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001லிருந்தும் கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டியில் 'எரர் கோடு இல்லை' என்றால் 'கோளாறு இல்லை' என்று அர்த்தமாகாது.

இந்த இடத்தில் என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2000களில் சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருந்தேன். இதே மாடல் வண்டி, இதே புகார்: மழையில் விரைவுச்சாலையில் ஏறினால் உதறல். நான் கோயம்புத்தூரிலிருந்து போன புதுசு. கை வேகம் அதிகம், காது மந்தம். இன்ஜெக்டரைக் கழற்றிக் கிளீன் செய்தேன். வேறு வண்டியிலிருந்து காயிலை எடுத்து மாட்டிப் பார்த்தேன். ஓனர் மூன்று தடவை பணம் கட்டிவிட்டுப் போனார், நான்காவது தடவை மழை நனைந்த சட்டையோடு திரும்பி வந்தார். அங்கே ஒரு சீனப் பெரியவர் ஃபோர்மன். எல்லோரும் அங்கிள் என்போம். ஒன்றும் பேசாமல் ஷட்டரைப் பாதி இறக்கினார், டியூப் லைட்டை அணைத்தார், செடிக்குத் தண்ணீர் அடிக்கிற ஸ்பிரே பாட்டிலை எடுத்துவந்து எஞ்சின் ஓடும்போதே ஒயர் மேல் லேசாக அடித்தார். ஹெட்டின் மேல் நீல நூல் மாதிரி பொறி ஓடியது. 'டிக், டிக்' என்று சத்தம் வேறு. பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அந்த மூன்று பில்லையும் நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அதே சோதனையைத்தான் ஹாரோக்காரரைச் செய்யச் சொன்னேன். இரவில், வீட்டுக்கு வெளியே திறந்த இடத்தில். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடவே கூடாது, புகை ஆளைக் கொன்றுவிடும். வண்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு. வெறும் தண்ணீர், பனி மாதிரி நைசாக. ஒயரைக் கையால் தொடக்கூடாது, ஃபேன் பக்கம் சட்டைக் கை போகக்கூடாது. நம்மூரில் ஓடுகிற எஞ்சினில் பிளக் ஒயரைப் பிடுங்கிப் பார்க்கிற பழக்கம் ஒன்று உண்டு. அதை விட்டுவிடுங்கள். ஷாக் கைக்கு, காயிலுக்கும் கெடுதல்.

செல்போனில் எடுத்த வீடியோ வந்தது. முதல் பத்து நொடி வெறும் இருட்டும் அவர் மூச்சுச் சத்தமும். ஸ்பிரே சத்தம். பிறகு இரண்டாவது சிலிண்டர் பிளக் கேப்பின் (ஒயர் நுனியில் பிளக்கை மூடுகிற ரப்பர்) கழுத்தில் ஒரு நீலப் பொட்டு மினுக்கியது, அணைந்தது, மறுபடி மினுக்கியது. கூடவே எஞ்சின் சத்தம் ஒரு தாளம் தவறியது. பின்னணியில் 'அட!' என்று ஒரு குரல்.

மறுநாள் எஞ்சின் ஆறிய பின் அந்த பிளக்கைக் கழற்றிப் படம் அனுப்பச் சொன்னேன். பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளைப் பீங்கான் மேல், தலைப்பக்கத்திலிருந்து கீழே இரும்பு வரை, பென்சிலால் இழுத்த மாதிரி மெல்லிய சாம்பல் கோடு. ரப்பர் கேப்பைத் திருப்பினால் உள்ளே அதே இடத்தில் பொரிந்த பழுப்புப் புள்ளி. கரன்ட் பிளக்குக்குள் போகாமல் வெளிப்புறமாக வழுக்கி இறங்கிய தடம் அது. தடம் கரி, கரி கரன்ட்டைக் கடத்தும். ஒருமுறை விழுந்துவிட்டால் பொறி அடுத்த முறையும் அதே ஒற்றையடிப் பாதையில்தான் போகும். துணியால் துடைத்தாலும் முழுசாகப் போகாது.

இதனால்தான் பிளக்கை மட்டும் மாற்றியபோது பத்து நாள் தாங்கியது. பழைய கேப் புது பிளக்கின் மேல் புதுத் தடம் போட அவ்வளவு நாள் பிடித்திருக்கிறது. ஒயரை மட்டும் மாற்றி, தடம் விழுந்த பிளக்கை விட்டிருந்தால் இதே கதை தலைகீழாக நடந்திருக்கும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றுங்கள் என்றேன்.

மல்டிமீட்டர் இருந்தால் ஒயரை அளக்கலாம். இந்த எஞ்சினுக்கு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 16 கிலோ ஓம் கணக்கு. அவர் அளந்தார், நான்கு ஒயரும் கணக்குக்குள் வந்தன. 'அப்போ ஒயர் நல்லதுதானே?' என்று ஒரு மெயில். இல்லை. மீட்டர் அளப்பது உள்ளே இருக்கிற கம்பியை. ஓட்டை விழுந்தது வெளியே இருக்கிற ரப்பரில். மீட்டரின் ஒன்பது வோல்ட் பேட்டரிக்குத் தெரியாத ஓட்டை, ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்கு வாசல் மாதிரி.

புது சிலிகான் ஒயர் செட் நாற்பது பவுண்டுக்குள் கிடைத்திருக்கிறது. பம்புக்குச் சொன்ன கூலியோடு ஒப்பிட்டால் சில்லறை. பிளக் இடைவெளி 1.1 மில்லிமீட்டர். பிளக்கை ஏற்றும்போது முதல் சில சுற்று கையாலேயே திருகச் சொன்னேன். அலுமினிய ஹெட்டில் மரை போனால் அப்புறம் மிஸ்ஸிங் எல்லாம் ஒரு கவலையே இல்லை. ஒயர் எந்த காயிலின் எந்தக் கொம்பில் இருந்ததோ அப்படியே போட வேண்டும். ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டினால் குழப்பம் வராது. ஒயர்கள் ஒன்றோடொன்று உரசாமல் அந்த பிளாஸ்டிக் கிளிப்பில் உட்கார வேண்டும். பல பேர் கிளிப்பைத் தூக்கி வீசிவிடுகிறார்கள்.

மாற்றும்போது இன்னொன்று அகப்பட்டது. நாலாவது பிளக் குழியில் அரை ஸ்பூன் ஆயில். இந்த எஞ்சினில் பிளக்குகள் இரண்டு கேம் ஷாஃப்ட்டுக்கும் நடுவே ஆழமான குழியில் இருக்கும். மேல் மூடியின், நம் பாஷையில் டேப்பட் கவரின், பேக்கிங் காய்ந்து இறுகினால் ஆயில் குழிக்குள் இறங்கும். புது ரப்பர் கேப் ஆயிலில் ஊறினால் உப்பி இளகி, ஒரு வருடத்தில் திரும்ப இந்தப் பக்கத்துக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கும். பேக்கிங்கையும் மாற்றச் சொன்னேன். மூலைகளில் மட்டும் துளி சீலன்ட், போல்ட்டுகளுக்குச் சின்ன ஸ்பேனரில் ஒரு பிடி. பலத்தைக் காட்டினால் போல்ட் முறியும். அப்படியே ஹெட்டுக்குப் பின்னால் கேம் ஆங்கிள் சென்சாரின் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையத்தையும் தடவிப் பார்க்கச் சொன்னேன், அங்கேயும் கசிவது இந்த வண்டிக்கு வாடிக்கை. அது காய்ந்துதான் இருந்தது.

பிப்ரவரி கடைசியில் ஒரு வாரம் விடாத தூறலாம். தினமும் காலையில் வேண்டுமென்றே அதே ஏற்றத்தில் நாலாவது கியரில் மிதித்திருக்கிறார். உதறல் இல்லை. ஆனால் சட்டென்று மிதித்தால் மட்டும் ஒரு சின்னத் தயக்கம் என்றார். அதற்கு, உள்ளே போகிற காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ மீட்டருக்கும் காற்றுக்கு வழிவிடும் திராட்டிலுக்கும் நடுவே இருக்கிற ரப்பர் குழாயின் மடிப்புகளை விரலால் விரித்துப் பார்க்கச் சொன்னேன். மிதிக்கும்போது எஞ்சின் லேசாகச் சாயும், மடிப்பில் வெடிப்பு இருந்தால் வாய் திறந்து கணக்கில் வராத காற்று உள்ளே போகும். இரண்டாவது மடிப்பில் ஒரு அங்குல வெடிப்பு. குழாய் மாற்றியாயிற்று.

எம்ஓடி பாஸ். எரியாத பெட்ரோல், அதாவது ஹைட்ரோகார்பன், இந்த வயது வண்டிக்குச் சாதாரண ஐடிலிங்கில் 1200 பிபிஎம்முக்குள் (புகையில் பத்து லட்சத்தில் 1200 பங்கு) இருக்க வேண்டும். மிஸ்ஸிங் இருக்கிற வண்டி அதில்தான் மாட்டும். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டுப் பொசுக்குவது தனிச் செலவு. நல்லவேளை, இவருக்கு அது தப்பியது.

கேள்வி: அப்பாவின் பழைய கார்புரேட்டர் மாருதி ஜென் மழைக்காலத்தில் இதே மாதிரி உதறுகிறது. டேங்க்கில் ஊற்றுகிற கிளீனர் பாட்டில் போட்டால் சரியாகுமா?
– கல்லூரி மாணவர், பொள்ளாச்சி

பதில்: பாட்டில் விற்றவருக்குச் சரியாகும். தம்பி, உங்கள் ஜென்னில் டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கிறது. இக்னிஷனை அணைத்துவிட்டு அதன் மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் உள்பக்கம் பாருங்கள். தலைமுடி கனத்தில் கறுப்புக் கோடு ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு ஓடியிருந்தால் மூடியை மாற்றுங்கள், சுரண்டாதீர்கள். உள்ளே வியர்த்திருந்தால் துணியால் துடைத்து மாட்டி ஓட்டிப் பாருங்கள். அதிலேயே உதறல் நின்றால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. பிறகு மூடிக்குள் சுற்றுகிற ரோட்டர், பிளக் ஒயர். இருட்டில் ஸ்பிரே சோதனை உங்களுக்கும் பொருந்தும், மேலே சொன்ன எச்சரிக்கைகளோடு.

கேள்வி: புது டர்போ ஸ்போர்ட்ஸ் கார். குன்னூர் ஏற்றத்தில் எஞ்சின் லைட் விட்டு விட்டு எரிந்தது, வண்டி குலுங்கியது. மெதுவாக ஊட்டி போய்ச் சேர்ந்தேன். செய்தது சரியா?
– வாசகர், ஈரோடு

பதில்: சரியில்லைங்க. லைட் நிலையாக எரிந்தால் 'சீக்கிரம் காட்டு' என்று அர்த்தம். கண் சிமிட்டினால் மிஸ்ஃபயர் கன்வெர்ட்டரைப் பொசுக்கும் அளவுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். காலைத் தூக்கி, ஓரமாக நிறுத்தி, வண்டியைத் தூக்கிப்போக ஆளைக் கூப்பிட்டிருக்க வேண்டும். உங்கள் வண்டியில் ஒவ்வொரு பிளக் மேலும் தனித்தனி காயில். ஸ்கேனரில் பி0303 என்று வந்தால் மூன்றாவது சிலிண்டர். அந்த காயிலை முதலாவதோடு இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். எரர் கோடு பி0301 ஆக மாறினால் காயில் குற்றவாளி. மூன்றிலேயே நின்றால் அடுத்து பிளக்கை இதேபோல மாற்றிப் பார்க்கலாம். அதற்கும் அசையாவிட்டால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன். இதற்குக் கால் மணி நேரம் போதும். அதைச் செய்யாமல் ஆறு காயிலுக்கும் எஸ்டிமேட் நீட்டினால், ஏன் என்று கேளுங்கள். வாரன்டி இருந்தால் நீங்களாகக் கை வைக்க வேண்டாம்.

கேள்வி: இரிடியம் பிளக் போடலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: உங்கள் வண்டி மேனுவலில் சொன்ன சூட்டு எண்ணில் (பிளக் சூட்டைக் கடத்தும் அளவு) கிடைத்தால் போடலாம். இடைவெளியைச் சரிசெய்கிறேன் என்று நடு முனையை மட்டும் நெம்பாதீர்கள். ஊசி கனம்தான் இருக்கும், பட்டென்று உடையும்.